வளர்ந்த பிறகு புது மொழி வராதா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று பெரியவர்கள் கேட்பதை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். மூங்கிலைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் மொழி கற்பதற்கும் இதே பழமொழியை அளவுகோலாக வைத்து, "பன்னிரண்டு வயதுக்குள் வந்தால்தான் மொழி, அதற்குப் பிறகு நாக்கு திரும்பாது" என்று பலர் தீர்ப்பே சொல்லிவிடுகிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். இந்தத் தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தவறு. அந்தத் தவறான பாதியை நம்பித்தான் நம் இளைஞர்கள் பலர் முயற்சி செய்யாமலே இருந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

இதைப் பேசுவதற்குப் பழைய நெல்லைச் சீமையில் காயல்பட்டினத்தை விடப் பொருத்தமான இடம் கிடையாது. தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் காயல் என்ற பெயரோடு மூன்று ஊர்கள் இருக்கின்றன: பழைய காயல், புன்னைக்காயல், காயல்பட்டினம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகர வணிகர் மார்க்கோ போலோ இந்தக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதினார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் இங்கே வந்து நின்றன என்கிறார். வந்த அரபு வணிகனும் முத்துக் குளிக்கும் தமிழனும் விலை பேசியாக வேண்டும். இவனுக்கு அவன் மொழியோ, அவனுக்கு இவன் மொழியோ கொஞ்சமாவது வந்திருக்க வேண்டும் அல்லவா? கடலோடிகளும் தரகர்களும் ஐந்து வயதுக் குழந்தைகள் அல்லர்.

பெயரோடும் ஆண்டோடும் ஒரு சான்று வேண்டுமானால் காயல்பட்டினத்திலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் நடந்தால் போதும், புன்னைக்காயல் வந்துவிடும். அங்கே 1547-ஆம் ஆண்டுவாக்கில் ஹென்றிக்ஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் வந்து சேர்ந்தார். தமிழ் நூல்களில் அவரை அண்டிரிக் அடிகளார் என்பார்கள். பிறந்தது 1520-இல். ஆகவே தமிழ்க் காற்று காதில் படும்போதே அவருக்கு வயது இருபத்தாறு, இருபத்தேழு. முதலில் மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் பேசினார். அது அவருக்குப் போதவில்லை. தாமே கற்க உட்கார்ந்தார்.

எப்படிக் கற்றார் என்பதுதான் நமக்கு முக்கியம். அவர் கையில் தமிழ் கற்பிக்கும் பாடநூல் எதுவும் இல்லை. இருந்தது லத்தீன் இலக்கண அறிவு. லத்தீனில் வினைச்சொற்களை இறந்த காலம், எதிர்காலம் என்று அடுக்கிப் படிப்பது போலத் தமிழ் வினைகளையும் அடுக்கினார். பெயர்ச்சொல்லோடு ஐ, கு, இல் என்று உருபுகள் சேரும்போது என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இது மிகுந்த உழைப்பைக் கேட்டது என்று அவரே 1548-இல் ரோமாபுரிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆனால் அதே ஆண்டிலேயே மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அந்தக் குறிப்புகள் வளர்ந்து ஓர் இலக்கண நூலாயின. அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் நூலகத்தில் இருக்கிறது. 2013-இல் ஜீன் ஹெய்ன், வி. எஸ். ராஜம் இருவரும் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இவர் ஆக்கியது. இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் அதுவே. இருபத்தாறு வயது வரை தமிழில் ஒரு சொல்லும் அறியாதவரின் வேலை இது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் அதே கடற்கரையில் நடந்தது. ஹென்றிக்ஸுக்குச் சில ஆண்டுகள் முன்னால், 1542-இல், பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தார். அவருக்கு நேரம் இல்லை. ஊர் ஊராகப் போக வேண்டும். எனவே இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கொண்டு மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்து, மக்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 'நம்புகிறேன்' என்று பொருள் வர வேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் உட்கார்ந்திருந்தது பிறகுதான் தெரிய வந்தது. கடவுளை நம்புவது வேறு, கடவுள் எனக்கு வேணும் என்பது வேறு! 1544-இல் தம் தோழருக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சொல்லை மாற்றி 'விசுவாசம்' என்று சொல்லச் சொன்னார். இதை நான் சொல்வது அவரைக் குறை கூற அல்ல. பொருள் தெரியாமல் ஒப்பித்தால் பிழை எவ்வளவு நாள் நம்மோடு குடியிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பள்ளியில் ஆங்கிலக் கட்டுரையை ஒப்பிக்கும் உங்களுக்கு இது புரியாமலா போகும்?

இனி விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1967-இல் லெனபெர்க் என்ற அறிஞர், மொழி இயல்பாக வருவதற்கென்று ஒரு பருவம் உண்டு, அது ஏறத்தாழ இரண்டு வயதில் தொடங்கிப் பூப்பெய்தும் பருவத்தோடு முடிகிறது என்று எழுதினார். 'பன்னிரண்டு வயது' என்ற கதை ஊரெல்லாம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பிந்திய ஆராய்ச்சிகள் கேட்ட கேள்வி வேறு: மொழியில் எந்தப் பகுதி அப்படி மூடிக்கொள்கிறது?

முதலில் மூடுவது காது. 1984-இல் வெர்க்கர், டீஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கானடாவில் ஓர் அழகான சோதனை செய்தார்கள். குழந்தைக்கு ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வார்கள். ஒலி மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால் ஒரு பெட்டிக்குள் விளக்கெரிந்து பொம்மை ஆடும். குழந்தை இதை விரைவில் கற்றுக்கொள்கிறது. பிறகு இந்தி மொழியின் 'த', 'ட' ஒலிகளை மாற்றி மாற்றி ஒலித்தார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டு தலையைத் திருப்பினார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலரே திருப்பினார்கள். 'பத்து', 'பட்டு' இரண்டும் ஒன்றாகக் கேட்கும் காது முதல் பிறந்த நாளுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது! சிரிக்க வேண்டாம். இந்தியில் நான்கு வகைக் 'க' உண்டு. தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அவை படும் பாடும் இதேதான்.

இதைப் பார்த்து, "பார்த்தீர்களா, பெரியவர்கள் சொன்னது சரிதான்" என்று நினைக்காதீர்கள். மூடியது கதவு அல்ல, வெறும் திரை. ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் 'ர', 'ல' வேறுபாடு கேட்பதில்லை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜப்பானியப் பெரியவர்களுக்குப் பல பேருடைய குரலில், பல சொற்களில் அந்த ஒலிகளைக் கேட்கச் செய்து, ஒவ்வொரு முறையும் சரியா தவறா என்று சொல்லிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் காது தேறியது. ஒரே ஒருவரின் குரலை மட்டும் கேட்டுப் பயின்றவர்கள் அந்தக் குரலில் தேறினாலும், புதியவர் ஒருவர் பேசியபோது தடுமாறினார்கள். ஆகவே ஒரே ஆசிரியரிடம், ஒரே ஒலிநாடாவில் கற்பது போதாது. ஆண், பெண், கிழவர், குழந்தை என்று பல குரல்கள் வேண்டும்.

இலக்கணத்தின் கதை வேறு. 2018-இல் ஹார்ட்ஷோர்ன், டெனன்பாம், பிங்கர் மூவரும் ஏறத்தாழ 6,70,000 பேரின் ஆங்கில இலக்கண அறிவைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இலக்கணம் கற்கும் திறன் 17 வயது வரை குறையாமல் இருந்து அதன் பின்னரே சரிகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்தச் சரிவுக்கு மூளைதான் காரணமா, அல்லது அந்த வயதில் படிப்பு முடிந்து வேலை, குடும்பம் என்று வாழ்க்கை மாறுவது காரணமா என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. எதுவாயினும், ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் இருக்கும் நீங்கள் அந்த எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. 1978-இல் ஸ்னோ, ஹஃப்னகல்-ஹோலே என்ற இரு பெண் ஆராய்ச்சியாளர்கள், ஹாலந்து நாட்டுக்குக் குடிபோன ஆங்கிலக் குடும்பங்களை ஓராண்டு கவனித்தார்கள். குழந்தைகள் முந்துவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? தொடக்க மாதங்களில் டச்சு மொழியில் முந்தியவர்கள் 12 முதல் 15 வயதினரும் பெரியவர்களும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள்தான் பின்தங்கினார்கள். சிறியவர்கள் பிறகு எட்டிப் பிடிப்பார்கள் என்பது உண்மை. ஆனால் 'குழந்தை உடனே பிடித்துக்கொள்ளும்' என்பது உண்மையல்ல. குழந்தைக்கு இருக்கும் பெரிய வசதி நேரம். ஒரு நாளில் எட்டு மணி நேரம் மட்டுமே மொழி காதில் விழுகிறது என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஐந்து வயதுக்குள் 14,600 மணி நேரம் ஆகிவிடுகிறது. தினம் அரை மணி படிக்கும் பெரியவருக்கு ஓராண்டில் கிடைப்பது 182 மணி நேரம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, "குழந்தைக்கு வருகிறது, உனக்கு வரவில்லையே" என்று கேட்பது நியாயமா?

சரி, மறுபடியும் காயல்பட்டினத்துக்கு வருவோம். அங்கே குழந்தைகள் சிறு வயதிலேயே குர்ஆன் ஓதக் கற்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தும் வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது என்று தட்டித் திருத்திச் சொல்லிக் கொடுப்பார்கள். அரபியில் நாம் 'க்' சொல்லும் இடத்தில் பிறக்கும் எழுத்து ஒன்று. அதற்கும் உள்ளே, உள்நாக்கருகே பிறக்கும் எழுத்து இன்னொன்று. தமிழில் எழுதினால் இரண்டும் 'கல்பு'தான். உள்ளே பிறந்தால் இதயம், முன்னே பிறந்தால் நாய்! இந்த வேறுபாட்டை ஏழு வயதுச் சிறுவன் பிசகாமல் சொல்கிறான். ஐரோப்பியப் பேராசிரியர்கள் ஆண்டுக் கணக்கில் போராடும் ஒலிகள் இவை. ஆனால் அவன் ஓதுவதன் பொருள் அவனுக்குத் தெரியுமா என்றால், பெரும்பாலும் தெரியாது. ஓதுவதற்காகக் கற்றானே தவிர, பேசுவதற்காகக் கற்கவில்லை.

அவனே இருபது வயதில் ஜித்தாவுக்கோ துபாய்க்கோ போகிறான் என்று வையுங்கள். கடற்கரை முஸ்லிம் ஊர்களில் இந்தப் பயணத்துக்குச் 'சபர்' என்று பெயர். அதுவும் அரபுச் சொல்லே. அங்கே ஓர் ஒப்பந்தத் தாளை நீட்டுகிறார்கள். சவூதி அரேபியத் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தம் இரு மொழிகளில் இருந்து இரண்டும் வேறுபட்டால் அரபு வாசகமே செல்லும். இவனுக்கு எழுத்து தெரியும். ஆனால் குர்ஆனில் இருப்பது போல உயிர்க்குறிகள் அந்தத் தாளில் இருக்காது. அன்றாட அரபியில் குறிகள் போடுவதில்லை. க், த், ப் என்று மூன்று மெய்கள் மட்டும் இருக்கும். 'கதப' என்று படித்தால் 'எழுதினான்', 'குதுப்' என்று படித்தால் 'நூல்கள்'. சொல் தெரிந்தால்தான் ஒலி தெரியும். சிறு வயதில் அரும்பாடுபட்டுப் பெற்ற உச்சரிப்பு அந்த இடத்தில் கைகட்டி நிற்கிறது. சம்பளம், வேலை நேரம், விடுமுறை எல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கின்றன.

ஹென்றிக்ஸையும் இந்த இளைஞனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அவருக்கு ஒலி கிடையாது. பகுத்துப் பார்க்கும் அறிவு இருந்தது. இவனுக்கு ஒலி இருக்கிறது. பகுத்துப் பார்க்க யாரும் இன்னும் சொல்லித் தரவில்லை. என்னைக் கேட்டால் இவன்தான் அதிர்ஷ்டசாலி. மூடிப்போகும் திரை இவனுக்கு ஏற்கெனவே விலகியிருக்கிறது. மீதி எல்லாம் வளர்ந்த மனிதன் கற்கக்கூடியவை. போதாததற்கு, பாதிச் சொற்கள் வீட்டிலேயே இருக்கின்றன. கிதாப் என்றால் நூல் என்றும் மக்தப் என்றால் ஓதும் பள்ளி என்றும் அவனுக்குத் தெரியும். இரண்டிலும் அதே க், த், ப். எழுதுகிறவன் 'காதிப்'. மூன்று மெய்களை வேராக வைத்து, உயிரை மாற்றி மாற்றிச் சொற்களை வளர்ப்பதுதான் அரபியின் அமைப்பு. இந்த ஒரு சூத்திரத்தைக் குழந்தைக்கு விளக்க முடியாது. உங்களுக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது அல்லவா? அசல், நகல், பாக்கி, வசூல், வக்கீல், ஆஜர் என்று நம் கச்சேரிகளில் புழங்கும் சொற்கள்கூட அரபியிலிருந்து வந்தவைதாம். பொருள் கொஞ்சம் இடம் மாறியிருக்கும். ஆனாலும் நினைவில் மாட்டி வைக்க நல்ல ஆணிகள்.

எழுத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடற்கரை முஸ்லிம்கள் அரபு எழுத்திலேயே தமிழை எழுதினார்கள். அரபுத்தமிழ் என்று அதற்குப் பெயர். அரபியில் 'ட' இல்லை, 'ள', 'ழ' இல்லை, 'ப'வும் இல்லை. பக்கத்து ஒலியுள்ள எழுத்தை எடுத்து, மேலும் கீழும் புள்ளிகள் சேர்த்துப் புது எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) இந்த எழுத்தில் நூல்கள் எழுதியவர். இரு மொழிகளின் ஒலிகளையும் கூர்ந்து ஒப்பிட்டுப் பார்க்காமல் இப்படி ஓர் எழுத்து முறையை யாரும் ஆக்கியிருக்க முடியாது.

இனி நடைமுறைக்கு வருவோம். முப்பது நாளில் மொழி என்று விற்கும் புத்தகங்களை நான் நம்புவதில்லை. அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிலையம் ஒன்று வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் பிரெஞ்சு, ஸ்பானியம் போன்றவற்றில் தேற 600 முதல் 750 வகுப்பு மணி, தமிழுக்கு ஏறத்தாழ 1,100, அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கு 2,200 என்பது அதன் கணக்கு. தினம் அரை மணி வீதம் 2,200 மணி என்றால் பன்னிரண்டு ஆண்டு! ஆனால் அது தூதர் பேசும் மொழி. கடையில் பேச அவ்வளவு தேவையில்லை. எந்த மொழியிலும் சில சொற்கள்தாம் ஓயாமல் உழைக்கின்றன. ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் 2,000 சொற்களைத் தெரிந்துகொண்டால் சாதாரணப் பக்கத்தில் ஐந்தில் நான்கு பங்குச் சொற்கள் அவையாகவே இருக்கும். தினம் பத்துச் சொல் வீதம் இருநூறு நாள் வேலை.

கற்ற சொல் நிற்க வேண்டுமே என்பீர்கள். 1885-இல் ஜெர்மானியரான எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறது என்று அளந்தார். ஒரு நாள் கழிவதற்குள் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஆகவே ஒரே நாளில் நூறு முறை சொல்வதை விட, இன்று, நாளை, நான்காம் நாள், பத்தாம் நாள் என்று இடைவெளி விட்டுத் திரும்புவது மேல். திரும்பும்போதும் புத்தகத்தைப் பார்த்துப் படிக்காதீர்கள். மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து இழுங்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் மாணவர்களை வைத்துப் பார்த்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். நம் பள்ளித் தேர்வுகள் எந்த வகையினருக்கு வசதியாக இருக்கின்றன என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அது மூளையில் இல்லை. பக்கத்தில் இருப்பவன் முகத்தில் இருக்கிறது. குழந்தை தப்பாகப் பேசினால் கொஞ்சுகிறோம். பெரியவன் தப்பாகப் பேசினால் சிரிக்கிறோம். பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் படித்த பையன் ரயிலில் வெளிமாநிலத்தவரிடம் மணி கேட்கக் கூசுகிறானே, ஏன்? இலக்கணம் தெரியாமல் அல்ல. வகுப்பில் ஒரு நாள் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னபோது எழுந்த சிரிப்பொலி அவன் காதில் இன்னும் இருக்கிறது. உச்சரிப்பு சுத்தமாக இராது என்று பயந்து பேசாதிருப்பது வீண். ஹென்றிக்ஸ் பேசிய தமிழில் போர்த்துக்கீசிய வாடை கட்டாயம் அடித்திருக்கும். அதனால் கேட்டவர்களுக்கு என்ன குறைந்துவிட்டது?

காயல்பட்டினத்தார் கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் கல் வியாபாரம் செய்யப் போனவர்கள், மலேயாவுக்குப் போனவர்கள். உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவராக இருப்பார். இரண்டு மூன்று அயல்மொழிகள் பேசுவார். அவரிடம் போய், முதலில் எந்தச் சொற்களைக் கற்றீர்கள், யார் திருத்தினார்கள், எத்தனை மாதத்தில் தனியாக விலை பேசினீர்கள் என்று கேளுங்கள். கேட்டதைக் குறித்து வையுங்கள். அநேகமாக அவர் எண்களிலிருந்துதான் தொடங்குவார். கொழும்பு என்றால் எக்க, தெக்க, துன. மலேயா என்றால் சத்து, துவா, தீகா. அடுத்து 'எவ்வளவு?' என்ற சொல் வரும், அதற்கடுத்து 'குறைத்துக் கொடு'. அவர் சொல்லும் முதல் பத்துச் சொற்களை அவர் குரலிலேயே கேட்டு, இன்றே எழுதிக்கொள்ளுங்கள். நான்காம் நாள் தாளைப் பார்க்காமல் அவரிடமே போய்ச் சொல்லிக் காட்டுங்கள்.